ஓக் பீப்பாயில் ‘ஏஜிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விஸ்கியின் வரலாறு பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பீப்பாய் பற்றிய இயலை வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்கு அனுப்பியாக வேண்டும். வாலை (சாராயம் வடிக்கும் கலன்), வடித்தல், முளைகட்டிய வாற்கோதுமை எல்லாம் சிக்கலில்லாமல் அமைந்துவிட்டன. ‘ஏஜிங்’தான் படுத்துகிறது. வடித்த சாராயத்தை ஓக் பீப்பாயில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்களே, அதற்கு ஒரு சொல் வேண்டும். பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும். ‘மூப்பு’ ஒட்டவில்லை. ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது.

பொழிலன் எழுதியது:

கயல் அம்மா, புதிதாக ஆக்கவே வேண்டாம். ‘தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்’ என்று ஔவையார் பாடியிருக்கிறார் (புறம் 392). நாட்பட வைத்ததால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும் தேறல், அதாவது தெளிந்த கள். நாட்படு தன்வினை, நாட்படுத்து பிறவினை. நாட்படுத்தல் என்றால் தொழிற்பெயரும் ஆயிற்று.

இன்னும் நுட்பம் வேண்டுமானால் ‘நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்’ என்ற கபிலர் வரியைப் பாருங்கள் (புறம் 120). நிலத்தில் புதைத்து வைத்து முதிர்ந்த தேறல். பழுனுதல்! பழு, பழம், பழுப்பு, பழகு எல்லாம் ஒரே வேர். விஸ்கியின் நிறமே பழுப்புதானே? தன்மை முற்றுவதையும் நிறம் ஏறுவதையும் ஒரே வேரில் சொல்லிவிடலாம்.

அறிவொளி எழுதியது:

பொழிலன் ஐயா, பழு, பழுப்பு சரி. ‘பழகு’ பழைமையோடு சேர்ந்த வேறு வேர் என்றே நினைக்கிறேன். அது கிடக்கட்டும், நான் வேதியியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

வாலையிலிருந்து இறங்கும் சாராயம் தண்ணீர்போல் நிறமில்லாமல்தான் இருக்கும். பீப்பாய்க்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. உட்புறம் தீயில் கருக்கிய கரிப் படலம் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்கிறது. சூட்டில் சிதைந்த லிக்னின் என்ற மரப்பொருளிலிருந்து வனிலா மணம் தரும் வனிலினும், ஓக்கிலிருந்து லாக்டோன்கள் என்ற மணச் சேர்மங்களும், நிறமும் இறங்குகின்றன. மரத்தின் நுண்துளை வழியாக வரும் ஆக்சிஜன் மெல்ல மெல்ல வினைபுரிகிறது. ஆக, வேலை செய்வது மரம். நாள் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் கலன்தான் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஸ்காட்லாந்தில் அதே பீப்பாயை வாங்கி மறுபடியும் நிரப்புகிறார்கள். பலமுறை நிரப்பிக் களைத்த பீப்பாய் அதே கால அளவில் அவ்வளவு கொடுக்காது. 12 ஆண்டு விஸ்கியைக் கண்ணாடிப் புட்டியில் இன்னும் 20 ஆண்டு வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். நாள்பட்டது, முதிரவில்லை.

அப்புறம் ‘நாட்பட்ட’ என்றதும் வாசகருக்கு நோய்தானே நினைவுக்கு வரும்? கடைக்காரர் ‘நாள்பட்ட சரக்கு’ என்றால் கெட்டுப்போனது என்று பொருள். ஔவைக்கு இருந்த பொருள் இன்று புழக்கத்தில் இல்லை.

மருதன் எழுதியது:

‘மர ஊறல்’ எப்படி? ஊறுவதும் இருக்கிறது, மரமும் இருக்கிறது.

அறிவொளி எழுதியது:

அழகாக இருக்கிறது, ஆனால் ஊறல் ஏற்கெனவே தொழிலில் உள்ள சொல். ஊறல் போடுவது என்றால் வடிப்பதற்கு முன் புளிக்க வைப்பது. கயல் அம்மாவுக்கு ‘வாஷ்’ (வடிப்பதற்கு முன் புளித்திருக்கும் நீர்மம்) என்பதற்கு அந்தச் சொல் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம். என் வாக்கு ‘முதிர்வித்தல்’. முதிர், முதிர்வி, முதிர்வு, முதிரா என்று எல்லா வடிவமும் கிடைக்கும். முதிராததை விஸ்கி என்று விற்கக் கூடாதென்று பிரிட்டன் 1915இல் சட்டம் போட்டது. முதலில் 2 ஆண்டு, மறு ஆண்டே 3 என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தை ‘முதிராச் சாராயச் சட்டம்’ என்றால் உடனே விளங்கும். ‘நாட்படாச் சாராயம்’ என்றால்?

பொழிலன் எழுதியது:

விளங்காது என்று விட்டுவிட்டால் என்றைக்குமே விளங்காது. ‘கணினி’யும் ஒருகாலத்தில் விளங்காத சொல்தான். மரம்தான் முக்கியம் என்றால் அதற்கும் சான்று உண்டு: ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’. நெடிய மூங்கிலுக்குள் விளைந்த தேறல் என்று திருமுருகாற்றுப்படை சொல்கிறது. மண்ணில் புதைத்தது பழுனியது, மூங்கிலில் அடைத்தது விளைந்தது. மரக்கலனுக்குள் நடப்பதற்கும் சொல் இருந்திருக்கிறது பாருங்கள்! ‘மரவிளைவு’ என்று வைக்கலாமே.

கயல் எழுதியது:

மரவிளைவு மிகவும் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் ‘விளைச்சல்’ என்ற சொல் அதே இயலில் வாற்கோதுமைக்கு வருகிறது. இரண்டும் ஒரே பத்தியில் மோதுகின்றன. நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்பதால் பொதுவாக ‘முதிர்வித்தல்’, மரத்தின் பங்கைச் சொல்லும் இடங்களில் ‘மரமுதிர்வு’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘12 ஆண்டு’ என்று புட்டியின் சீட்டில் போடுவது கலவையிலேயே இளைய சாராயத்தின் வயது என்பதால் அங்கே ‘வயது’ போதும்.

மருதன் எழுதியது:

சரி. முதிர்வித்தலுக்கு என் ஆதரவும் உண்டு.

பொழிலன் எழுதியது:

பெரும்பான்மை அப்படியென்றால் தடுக்கவில்லை. ஆனால் என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும்: ‘முதிர்வு’ வங்கி வைப்புத்தொகைக்கும் வரும், கருவுக்கும் வரும். மதுவுக்கென்றே இருந்த சொற்களைக் கைவிடுகிறோம். அடிக்குறிப்பிலாவது நாட்படு தேறலைச் சேர்த்துவிடுங்கள், அம்மா.

கயல் எழுதியது:

கட்டாயம் சேர்க்கிறேன், ஐயா. இன்னொன்று பாக்கி. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு பீப்பாயிலிருந்து ஆவியாகப் போய்விடும். அதை ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். அப்படியே வைக்கவா, ‘ஆவிக்கழிவு’ என்று போடவா?

பொழிலன் எழுதியது:

‘கழிவு’ வேண்டவே வேண்டாம். இரவு விரிவாக எழுதுகிறேன்.