எங்கள் ஊர் வக்கீல் சட்டமன்றத்துக்குப் போன கதை

2009-இல் எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்தபோது, முன்சீப் கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த வக்கீலின் ஓட்டுவீட்டு அலுவலகத்துக்குத்தான் முதலில் போனேன். குமாஸ்தா நீட்டிய பத்திரக் கட்டை அவர் ஒரு மணி நேரம் படித்தார். தனியார் நிலத்தின் மேல் 20 ஆண்டுகள், அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள், யாருடைய அனுமதியும் இல்லாமல், தடையும் இல்லாமல், உரிமையாகவே பாதையைப் பயன்படுத்தி வந்திருந்தால்தான் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அது நமக்கு உரிமையாகும் என்று விளக்கினார். என் தாத்தா ஒவ்வொரு அறுவடைக்கும் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய கடிதமே கட்டுக்குள் இருந்தது.

"கேட்டுக்கொண்டு போனால் அது சலுகை, உரிமை ஆகாது. இந்த வழக்கு நிற்காது. நாலு சென்ட் கிரயமாகக் கேட்டுப் பாருங்கள்" என்றார். கட்டணம் வாங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வேறொருவரிடம் வக்காலத்துக் கொடுத்து வாய்தா வாய்தாவாக அலைந்தேன்.

2016-இல் அவர் எம்.எல்.ஏ. ஆனார். கோர்ட்டில் அவரை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, வாசலில் காத்திருக்கும் வண்டிகளைக் கண்டபோது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. தொகுதி மேம்பாட்டு நிதியில் அந்தப் பாதையைச் சாலையாக்கித் தரும்படி மனு எழுதிக்கொண்டு போனேன். அடுத்தவர் பட்டா நிலத்தில் அரசுப் பணத்தில் சாலை போட முடியாது என்பதும், எம்.எல்.ஏ. பரிந்துரை செய்தாலும் ஒப்புதல் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்து, "பார்க்கலாம்" என்றார். அந்த நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்த பிறகும் இரண்டு முறை போனேன். அப்போதும் "பார்க்கலாம்"தான். 2009-இல் ஒரு மணி நேரம் செலவிட்டு "நிற்காது" என்று சொன்ன அதே வாயா இது என்று திகைத்தேன்.

*

சட்டமன்றப் பேரவையில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மேலே எழுதிய நண்பர் சொல்லும் உறுப்பினர் யார் என்று ஊகிக்க முடிகிறது. பெயர் வேண்டாம்.

முதல் ஆண்டில் கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால் என் பேனாவுக்கு வேலை குறைவு. துணைக் கேள்வி என்று எழுந்து பலர் தொகுதி வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டு, கேள்வியைக் கேட்காமலே அமர்ந்துவிடுவதுண்டு. இவரோ குறுக்கு விசாரணையில் சாட்சியைக் கேட்பதுபோல, பணியிடம் காலியாக இருக்கிறதா, எந்த மாதத்திலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். விடை இரண்டு சொல்லுக்குள் அடங்கியாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் அந்த வழக்கம் போய்விட்டது. துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை மீது பேசக் கிடைத்த சில நிமிடங்களில் பாதி தலைமையைப் புகழ்வதிலேயே கழிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே 234 பேர் கொண்ட அவையில் கட்சி அனுமதித்தால்தான் பேச வாய்ப்பு என்பதால் அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பழைய கேள்விகளை எழுதிய கைக்கு வருத்தம் இருந்தது.

சட்டமன்ற உறுப்பினர் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இனி ஊர்க் கோர்ட்டுக்கும் போவீர்களா என்று தாழ்வாரத்தில் கேட்டேன். "போக நேரம் எங்கே ஐயா, கல்யாணத்துக்கும் கருமாதிக்குமே நாள் போதவில்லை" என்றார்.

*

ஐயா எழுதியதைப் படித்தபின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு சார்பு நீதிமன்றத்தில் என் மேல்முறையீடும் தோற்றது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாமா என்று கேட்க, மறுபடியும் அதே ஓட்டுவீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டிகள் இல்லை. தீர்ப்பு நகலை வரி விடாமல் படித்துவிட்டு, இரண்டாம் மேல்முறையீட்டுக்கு முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும், இதில் அது இல்லை, நிற்காது என்றார்.

ஐந்தாண்டுகள் ஏன் "பார்க்கலாம்" என்றே சொன்னீர்கள் அண்ணே என்று கேட்டேவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்கே வருகிறவரிடம் முடியாது என்றால் அவர் ஒருவர்தான் கோபித்துக்கொண்டு போவார். அங்கே சொன்னால் உங்கள் தெருவே கோபிக்கும். அதற்குப் பயந்தேன். 2009-இல் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன் தம்பி, நாலு சென்ட்டைக் கிரயமாகக் கேளுங்கள். விலைதான் ஏறிவிட்டது."

அந்தத் தை மாதம் பத்திரம் பதிந்தோம். கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இந்த முறை கட்டணம் வாங்கிக்கொண்டார்.