மைலேஜ் 17-லிருந்து 14-க்கு இறங்கிவிட்டது, பெட்ரோல் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

தினப்பயணி:
வணக்கம் நண்பர்களே. தினமும் வேலைக்குப் போக 22 கி.மீ., வர 22 கி.மீ., அதில் முக்கால்வாசி நெடுஞ்சாலை. ஷிஃப்ட் வேலை என்பதால் பஸ், ரயில் எதுவும் நேரத்துக்கு ஒத்து வருவதில்லை. ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார், மேனுவல் கியர். முன்பெல்லாம் லிட்டருக்கு 17 கொடுத்தது, இப்போது 14 தான். மாதம் 25 நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 14 லிட்டர் கூடுதலாகப் போகிறது. விலை ஏறும்போது சம்பளம் கூடவே ஏறுவதில்லையே, வீட்டுச் செலவில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடு, விலை கூடின பிரீமியம் பெட்ரோல் போடு, விடியற்காலையில் போய் நிரப்பு, டேங்கில் ஊற்ற மருந்து இருக்கிறது வாங்கிப் பார் என்று. இதில் எது உண்மை? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைக்காரர்:
தம்பி, முதலில் அந்த 14 எப்படி வந்தது? டிஸ்ப்ளே காட்டுவதை நம்ப வேண்டாம். டேங்க் ஃபுல் பண்ணுங்கள், பம்ப் தானாக நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300, 400 கி.மீ. ஓடின பிறகு அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடின தூரத்தை நிரப்பின லிட்டரால் வகுத்தால் வருவதுதான் நிஜ மைலேஜ். இரண்டு மூன்று முறை செய்து சராசரி பாருங்கள்.

அடுத்தது டயர். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது காற்று பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கி உருளும், அந்த நசுங்கலுக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது, பிரேக். ஒன்பது வருட வண்டியில் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இறுகி, பிரேக் விட்ட பிறகும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். 15, 20 கி.மீ. ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாக அனல் அடித்தால் அங்கேதான் பணம் போகிறது. இன்ஜின் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள், புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கெட்டாலும் இன்ஜின் தேவைக்கு மேல் குடிக்கும். ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் உங்களுடையது மாதிரி இன்ஜெக்ஷன் வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் வண்டியில், அதனால் மைலேஜ் பெரிதாகக் கூடாது, பழைய கார்புரேட்டர் வண்டிக்குத்தான் அந்தப் பேச்சு.

நெடுஞ்சாலை:
பட்டறைக்காரர் அண்ணா வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலைப் பற்றிச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல், ஆனால் 22 கி.மீ. முழுவதும் அப்படியே போனாலும் மிச்சமாவது மூன்று நிமிடம் சொச்சம்தான். நானும் 100, 110-ல் பறந்தவன்தான், 80-ல் நிலையாகப் போகப் பழகிய மாதமே பில்லில் தெரிந்தது. மேலே கேரியர் ஏதாவது மாட்டியிருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள், அதுவும் காற்றைத்தான் தடுக்கிறது.

நியூட்ரல் விஷயம் தவறு, தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பெட்ரோல் சப்ளை நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் எரித்துத்தான் ஆக வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் இருக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல். அதனால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே உருள விடுங்கள். கடைசி வரை மிதித்துவிட்டு பிரேக் அடிப்பது, எரித்த பெட்ரோலைச் சூடாக்கிக் காற்றில் விடுவதற்குச் சமம்.

பிரீமியம்: அதில் ஆக்டேன் கூடுதல் என்பார்கள். ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டுவதை, அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு, அதில் கூடுதல் சக்தி ஒன்றும் கிடையாது. வண்டியோடு வந்த கையேட்டில் கேட்டிருந்தால் கட்டாயம் போடுங்கள், கேட்காத வண்டிக்கு வீண் செலவு. விடியற்காலைக் கதையும் அப்படித்தான், குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்பார்கள், ஆனால் பெட்ரோல் இருப்பது நிலத்தடித் தொட்டியில், அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறாது. மருந்து பற்றி: நன்றாக ஓடும் இன்ஜினுக்கு மைலேஜ் கூட்டிய மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
எனக்கு வண்டி நுணுக்கம் அவ்வளவு தெரியாது, ஆனால் எனக்குச் செலவு குறைந்தது சின்னச் சின்ன பயணங்களைச் சேர்த்து முடித்ததில்தான். குளிர்ந்த இன்ஜின் சூடேறும் வரை அதிகம் குடிக்கும். கடைக்கு ஒரு தடவை, டியூஷனுக்கு ஒரு தடவை, மருந்துக்கு ஒரு தடவை என்று வீட்டிலிருந்து தனித்தனியாகக் கிளம்பாமல், எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிக்கிறேன், தூரமானதற்கு முதலில் போய்விட்டுத் திரும்பும் வழியில் மற்றது. அப்புறம் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவேன். பத்து விநாடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றால் அணைப்பதுதான் லாபம். அதே ஷிஃப்டில் அந்தப் பக்கமிருந்து வேறு யாராவது வருகிறார்களா, தினப்பயணி? இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வாரம் வண்டி எடுத்தால் செலவு பாதி, இங்கே சொன்ன மற்ற எதுவும் அந்த அளவு தராது.

தினப்பயணி:
எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன். டயர் காற்றுக்கு ஸ்டிக்கரில் 33 psi என்று இருந்தது, பின் டயர் இரண்டிலும் 25 கூட இல்லை. முன் இடது சக்கரம் தனியாக அனல் அடித்தது, பட்டறையில் கழற்றிப் பார்த்தால் காலிப்பர் நகர உதவும் கம்பி (pin) துருப்பிடித்து இறுகியிருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் வைத்துக் கொடுத்தார்கள். வேகத்தை 80-க்குக் கொண்டுவந்தேன். டேங்க் ஃபுல் கணக்கில் முதல் முறை 16.2, இரண்டாவது முறை 16.9. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கூட வேலை பார்க்கும் ஒருவரும் என்னோடு வருகிறார்.

ஒரே ஒரு சந்தேகம், ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து ஓட்டினால் இன்னும் கூடுமா?

நெடுஞ்சாலை:
ஊருக்குள் மெதுவாகப் போகும்போது திறந்து வையுங்கள், மிச்சமாகும். நெடுஞ்சாலை வேகத்தில் மூடிவிட்டு ஏசியைக் குறைவாக வையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஜன்னலைத் திறந்து உள்ளே இருக்கும் வெக்கையை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள்.