ஏர் டயஃப்ரம் பம்பு 20 நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
மன்னார்குடி பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. நெல் ஊறவைத்த தண்ணீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் கசடை, 1 இன்ச் ஏர் டயஃப்ரம் பம்பால் (காற்றழுத்தத்தில் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து தள்ளும் பம்பு) ஃபில்டர் பிரஸ்ஸுக்கு (கசடைத் துணியில் வடித்துக் கட்டியாக்கும் இயந்திரம்) ஏற்றுகிறோம். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 கிலோ. 20 நிமிஷம் ஓடியதும் தட்டல் மெதுவாகி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் தானாக ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்துதான் இப்படி. டயஃப்ரம் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
டயஃப்ரத்தைத் தொடாதீங்க சார். அது கிழிந்திருந்தால், காற்று வெளியேறும் சைலன்ஸர் வழியாகக் கசடு பீச்சும். பம்பு நின்றதும் சைலன்ஸரைப் பாருங்க, வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். 6 கிலோவில் அடைபட்ட காற்று வெளியேறும்போது சட்டென்று விரிந்து குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் உறைகிறது. உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாவிட்டால் டயஃப்ரம் எதிர்ப்பக்கம் நகர முடியாது. பனி உருகினால் ஓடும், உங்களுக்கு நடப்பதும் அதுதான். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் தண்ணீர் இருக்கும். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் அவ்வளவையும் சேர்த்துத்தான் இழுக்கிறது.

காற்றை மூடி, லைனில் மிச்சமிருப்பதை வெளியேற்றிவிட்டு சைலன்ஸரைக் கழற்றுங்க. காதடைப்பும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்க.

கேட்டவர்:
பனி இருந்தது சார். கழற்றி ஓட்டினால் 40 நிமிஷமாகியும் நிற்கவில்லை. இப்படியே விடலாமா?

பதில் 1:
கூடாது. சத்தம் ஒரு பக்கம், டயஃப்ரம் கிழிந்தால் கசடு ஆள் மேலேயே அடிக்கும். ஏர் டேங்க் அடியிலுள்ள தண்ணீரை ஷிப்டுக்கு ஒருமுறை திறந்துவிடுங்க. பம்புக்கான கிளைக் குழாயை மெயின் லைனின் மேற்பக்கத்திலிருந்து எடுங்க. கீழ்ப்பக்கம் எடுத்தால் தேங்கும் தண்ணீரெல்லாம் நேராகப் பம்புக்குத்தான் வரும். நிரந்தரத் தீர்வு, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர்தான்.

அழுத்தத்தையும் குறையுங்க. பிரஸ் காலியாக இருக்கும்போது 2 கிலோ போதும், கட்டி சேரச் சேர ஏற்றுங்க. எடுத்ததுமே 6 கிலோ கொடுத்தால் பனியும் கூடும், துணியின் கண்ணும் அடைபடும்.

பதில் 2:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. பிரஸ் நிறைந்தாலும் பம்பு நிற்கும், அது பழுதல்ல. உள்ளே விடும் காற்றழுத்தத்துக்கு மேல் இந்தப் பம்பு தள்ளாது. டெலிவரி கேஜும் காற்றுக் கேஜும் ஒரே அளவு காட்டினால் பிரஸ்ஸைத் திறந்து கட்டியை எடுக்க வேண்டிய நேரம். அப்புறம், எண்ணெய் தேவையில்லாத மாடல் என்றால் லைனில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர் போடாதீங்க, உள்ளே வைத்த கிரீஸைக் கழுவிவிடும்.

கேட்டவர்:
டெலிவரி வால்வை முழுசா மூடினாலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கிறதே அண்ணே?

பதில் 2:
வெளியே கசிவு இல்லையென்றால், பம்புக்குள் வால்வாக இருக்கும் பால் (உருண்டை) அதன் சீட்டில் சரியாக உட்காரவில்லை. உமி சிக்கியிருக்கும். காற்றையும் அழுத்தத்தையும் இறக்கிவிட்டு முதலில் கசடு நுழையும் கீழ் மேனிஃபோல்டைக் கழற்றுங்க, அங்கேதான் அதிகம் சிக்கும். பாலில் தழும்போ சீட்டில் பள்ளமோ இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்க. உறிஞ்சும் பக்கம் ஒரு வலை போடுங்க; அதை தினமும் கழுவாவிட்டால் பம்பு வெறுமனே தட்டும், கசடு ஏறாது.