ஊருக்கு ஊர் டிரம் கோர் இருந்த அமெரிக்கா: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

என் மகள் பள்ளி பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திவைத்துப் பேசுகிறார். பேச்சு முழுக்க டிரம் அண்ட் பியூகிள் கோர் பற்றித்தான். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: கோர் என்றால் அணிவகுத்து வாசிக்கும் குழு; பியூகிள் என்பது டிரம்பெட் போன்ற ஊதுகருவி. பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், கொடி சுழற்றும் குழு. கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழலுக்கு இடமில்லை. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதும் நகர்ந்து, வரிசை மாறி, உருவம் அமைத்தபடியே பத்து நிமிடத்துக்கும் மேல் வாசிக்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

பெரியவர் வளர்ந்தது பேயோனில். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜன் 1921-ல் கான்சாஸ் சிட்டியில் தேசியப் போட்டி நடத்தியது. பிறகு பிள்ளைகளுக்கான கோர்கள் பெருகின. லீஜன் கிளை, சாரணர் குழு, கத்தோலிக்கத் தேவாலயம் என்று ஒரு கூடமும் கொஞ்சம் பணமும் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரு கோர் தொடங்கினார்கள். பேயோனில் செயின்ட் வின்சென்ட்ஸ் கேடட்ஸ், நெவார்க்கில் பிளெஸ்டு சாக்ரமென்ட் கோல்டன் நைட்ஸ், கார்ஃபீல்டில் ஹோலி நேம் கேடட்ஸ். மூன்றும் தேசியப் பட்டம் வென்றவை. மூன்று ஊரும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். இவை தவிர, பட்டம் எதுவும் வெல்லாமல் தேர்த்திருவிழா போல ஊர் ஊர்வலங்களில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த சின்னஞ்சிறு கோர்கள் எத்தனையோ.

அவருடைய பழைய பியூகிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். டிரம்பெட்டில் உள்ள மூன்று வால்வுகள் இதில் இல்லை. படுக்கை வாட்டில் ஒரு பிஸ்டன், அதோடு ஒரு சுழல் வால்வு, அவ்வளவுதான். ஜி சுருதி. எல்லாச் சுரமும் கிடைக்காத கருவியை வைத்துக்கொண்டு முழு இசையையும் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நடுவர்கள் வரிசைகளுக்கு நடுவிலேயே நடந்து வருவார்களாம். ஒரு கால் தப்பினால், ஒரு குச்சி பிந்தினால், பத்தில் ஒரு மதிப்பெண் போயிற்று. "என் காதுக்குப் பக்கத்தில் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்கும், நான் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றார். எண்பதுகளின் நடுவில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. கோரில் சேர யாரும் அதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனைக் கூடத்தில் நிற்கவைத்து, ஒரு பெரிய பையன் வாயால் பாடிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். பஸ் டிரைவர் மகனும் துறைமுகத் தொழிலாளி மகனும் அப்படித்தான் இசை கற்றார்கள். எனக்கு வருத்தம் தருவது அந்த வாசல் அடைபட்டுப்போனதுதான்.

மற்ற ஊர்களில் எப்படி?

பாஸ்டன்

அண்ணா, என்னோடு வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் ரிவியர் ஊரின் 27-வது லான்சர்ஸ் கோரில் கொடிக் குழுவில் இருந்தவர். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் வாசித்த கோர் அது. அந்தக் குளிரில் வாசித்ததை இன்று கேட்டாலும் எழுந்து நின்று கையால் காட்டிச் சொல்லுவார். ஆறே வருடம் கழித்து, 1986 பருவத்தோடு லான்சர்ஸ் நின்றுபோனது. நாட்டின் முதல் வரிசைக் கோர்களில் ஒன்று.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். பணம் என்றார். அவர் அம்மாவும் மற்ற அம்மாக்களும் வாரம் தவறாமல் பிங்கோ என்ற எண் விளையாட்டை நடத்திக் காசு சேர்த்தார்கள், சீருடை தைத்தார்கள், பிள்ளைகளுக்குச் சமைத்தார்கள். பிறகு அந்த அம்மாக்கள் எல்லாம் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். தேவாலயங்களில் கூட்டம் குறைந்தது. வியட்நாம் போருக்குப் பிறகு ராணுவச் சீருடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு நடக்கப் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. நகரத்துக் குடும்பங்கள் புறநகர்களுக்கு இடம் மாறின. ஒரு காரணம் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அம்மாக்களின் உழைப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது அவருடைய மனக்குறை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

1940-ல் தொடங்கிய பாஸ்டன் க்ருசேடர்ஸ் இன்றும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மறைந்துபோன கோர்களோடு ஒப்பிட்டால் அது அதிசயம்.

கார்மல், இந்தியானா

எடிசன் நண்பருக்கு வணக்கம். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நலிவு என்று சொல்லும் முன் இண்டியானாபொலிஸுக்கு ஒரு முறை வாருங்கள். கோர்களின் போட்டிகளை நடத்தும் அமைப்பான டிரம் கோர் இன்டர்நேஷனலின் இறுதிப் போட்டி 2009 முதல் லூகாஸ் ஆயில் அரங்கத்தில்தான் நடக்கிறது. எண்பது ஊதுகருவிகள் ஒரே சமயத்தில் நம் பக்கம் திரும்பி உச்ச ஒலியில் எழும்பும்போது நெஞ்செலும்பு அதிரும். 2014-ல் கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் நூற்றுக்கு 99.65 வாங்கியது. இந்தத் தரத்தில் எழுபதுகளில் ஒரு கோர் கூட வாசித்ததில்லை.

என் மகன் இரண்டு கோடைகளுக்கு முன் ஒரு கோரில் இருந்தான். பயிற்சி நாளில் போய்ப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிறது. மைதானத்தின் ஓரக்கோட்டில் பெயர் எழுதிய ஒரு கேலன் தண்ணீர்க் கேன்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிற்றில் கட்டிய சின்ன நோட்டு. அதில் ஒவ்வொரு உருவத்துக்கும் தான் நிற்க வேண்டிய இடத்தை, எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடிவைப்பு என்று, குறித்து வைத்திருக்கிறான். ஐந்து கஜத்துக்கு எட்டு அடிவைப்பு என்பது அடிப்படைக் கணக்கு. ஒலிபெருக்கியில் தாளம் காட்டும் மெட்ரோனோம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு துண்டை முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பிச் செய்தார்கள். இரவில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை, அல்லது ஓடும் பஸ்ஸிலேயே தூக்கம்.

செலவு? பல ஆயிரம் டாலர், அதுபோகப் பயணம். கோரில் சேரும் தேர்வுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் இசை படிப்பவர்கள். எடிசன் நண்பர் சொன்ன அடைபட்ட வாசலை அங்கே கண்ணால் பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் பழைய காலத்துக் கோர் செய்த வேலையை இன்று எங்கள் ஊர்ப் பள்ளி பேண்டுகள் செய்கின்றன. பிள்ளைகள் இசையை இழந்துவிடவில்லை.

இன்னொன்று. 1971-ல் ட்ரூப்பர்ஸ் கோரின் ஜிம் ஜோன்ஸ், கேவலியர்ஸ் கோரின் டான் வாரன் போன்றவர்கள் லீஜன் பிடியிலிருந்து விலகி டிரம் கோர் இன்டர்நேஷனலைத் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. விதிகளையும் பரிசுத் தொகையையும் முதிய வீரர்களின் சங்கங்களே தீர்மானித்தன. கற்றுக்கொடுத்தவர்களுக்கும் வாசித்த பிள்ளைகளுக்கும் அதில் பேச்சே இல்லை. அவர்கள் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆலன்டவுன் பக்கம், பென்சில்வேனியா

நான் ஒரு கோரின் சமையல் வண்டியில் தன்னார்வலராகப் போகிறவள். நூற்றைம்பது பிள்ளைகள், கூடவே ஊழியர்கள், ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு. காலை ஆறு மணிக்கு முட்டை அடிக்கத் தொடங்கினால் இரவுப் பாத்திரம் கழுவிமுடிக்க நடுநிசி ஆகிறது. நான்கைந்து பஸ், கருவிகளுக்கு ஒரு லாரி, சமையலுக்கு ஒரு லாரி, இவற்றுக்கெல்லாம் டீசல். டீசல் விலை ஏறினால் முதலில் எங்கள் காய்கறிப் பட்டியல்தான் சுருங்கும். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை நாடு முழுக்கச் சுற்ற ஒரு சின்ன ஊரின் கோருக்கு எப்படி முடியும், அக்கா தங்கைகளே? எண்பதுகளில் முயன்று பார்த்த பல ஊர்கள் கடனில் முடிந்ததாக இங்கே மூத்த தன்னார்வலர்கள் சொல்லுவார்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

கார்மல் நண்பரே, தரம் உயர்ந்திருப்பதை மறுக்க நான் யார்? ஆனால் ஆலன்டவுன் சகோதரி சொன்ன டீசல் கணக்கில்தான் என் பதில் இருக்கிறது. 1972-ல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்த டிரம் கோர் இன்டர்நேஷனலின் முதல் இறுதிப் போட்டிக்குப் பிறகு, நாடு தழுவிய சுற்றுப்பயணமே கோரின் அளவுகோலாகிவிட்டது. உச்சியில் இருந்தவர்கள் மேலும் உயர்ந்தார்கள். பக்கத்து ஊரோடு மட்டும் மோதிக்கொண்டிருந்த கோர்களுக்கு மோதுவதற்கே ஆள் இல்லாமல் போயிற்று. அந்த முதல் பட்டத்தை வென்ற அனஹைம் கிங்ஸ்மென் கூட இன்று இல்லை. பள்ளி பேண்டு பணக்காரப் பள்ளி மாவட்டத்தில் நன்றாக இருக்கிறது. பேயோன் பையன் இருந்த மாதிரித் தெருக்களில்?

உச்சியில் இருந்தவர்களும் பத்திரமாக இல்லை. நான் முதலில் எழுதிய கார்ஃபீல்டு ஹோலி நேம் கேடட்ஸ்தான் பின்னாளில் தி கேடட்ஸ் ஆனது. 1934-ல் தொடங்கி, டிரம் கோர் இன்டர்நேஷனல் பட்டத்தைப் பத்து முறை வென்ற கோர். 2018-ல் அதன் தலைவர் பாலியல் குற்றச்சாட்டுகள் வெளியானதும் பதவி விலகினார். பழைய காலத்தில் நடந்த பாலியல் கொடுமை ஒன்று பற்றிய வழக்கும் வந்தது. 2024 ஜனவரியில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பெரியவர் அதைச் சொன்னபோது கோபம்தான் பட்டார். பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அந்தக் காலத்திலேயே கேட்டிருந்தால் பிள்ளைகளும் பிழைத்திருப்பார்கள், கோரும் பிழைத்திருக்கும் என்றார். அவர் சொன்னது சரி.

2000-ல் எந்தச் சுருதிக் கருவியும் வாசிக்கலாம் என்று விதி மாறியதை எங்கள் பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜி பியூகிள் போனால் கோரே போனது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளி பேண்டுகள் வாசிக்கும் அதே வகைக் கருவிகள் என்பதால், வாசித்து முடித்தவற்றைப் பள்ளிகளுக்கு விற்று அடுத்த வருடத்துக்குப் பணம் திரட்ட முடிகிறது என்றால் அது நல்லதுதான்.

வயது வரம்பில்லாத, வாரக்கடைசியில் மட்டும் கூடிப் பயிற்சி செய்யும் கோர்கள் கிழக்குக் கரையில் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் சேர்ந்த தமிழர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? முரசு வரிசைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று பெரியவர் மூலம் கேள்விப்பட்டேன். மகளின் தேர்வுகள் முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு ஒரு பயிற்சிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். பெரியவரும் வருகிறார்.