கடலுக்குள் வெளிச்சம் தீர்கிற இடத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

அலைவாய்க்கரை

அந்தமான், ஸ்வராஜ் தீவு, ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு மூழ்கும் பயிற்சியின் கடைசிக் கட்டம். எப்படி இறங்குவார்கள் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மணிக்கட்டில் திருச்செந்தூரில் கட்டிய சிவப்புக் கயிறு, சாயம் கூடப் போகாத புதுக் கயிறு. 25 மீட்டர் ஆழத்தில் காற்றின் அளவைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். கயிறு கறுப்பாக இருந்தது. மங்கலாகவோ பழுப்பாகவோ இல்லை, கறுப்பேதான். நான் அதையே பார்ப்பதைக் கவனித்த பயிற்சியாளர் டார்ச்சை அதன் மேல் அடித்தார். வெளிச்சம் விழுந்த ஒரு விரற்கடை அகலம் மட்டும் சிவந்தது. டார்ச்சை நகர்த்தினார், மறுபடியும் கறுப்பு. ஏறும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிறுத்துவார்கள் இல்லையா, அங்கே நிற்கும்போதுதான் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

காரணம் பயிற்சிப் புத்தகத்திலேயே இருந்தது. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, கடைசி வரை போவது நீலம். ஆனால் அன்று பாறையில் சாம்பல் என்று நினைத்துக் கடந்து வந்த கடற்பஞ்சுகளிலும் விசிறிப் பவளங்களிலும் எத்தனை உண்மையில் சிவப்போ! அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

முயல்தீவான்

தூத்துக்குடி. நான் பள்ளியில் படிக்கும்போது, ஆழ்கடல் இறாலுக்குப் போன விசைப்படகிலிருந்து அப்பா ஒரு கூடை கொண்டுவந்தார். கூடையைத் திறந்ததும் அம்மா கேட்டது, "இதை யாரு அவிச்சா?"

அவ்வளவு சிவப்பு. எங்களுக்குப் பழகிய வெள்ளை இறால் பச்சையில் சாம்பல் பூத்து, மறுபக்கம் தெரிகிற மாதிரி இருக்கும். சட்டியில் போட்ட பிறகுதான் சிவக்கும். இதுவோ வலையில் ஏறும்போதே செக்கச் சிவப்பு. ஓடு மெல்லிசு, மீசை உடம்பைவிட நீளம், கண் பெரிசு. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

அலைவாய்க்கரை அண்ணா, உங்கள் கயிற்றைப் படித்ததும் அந்தக் கூடைதான் ஞாபகம் வந்தது. அந்த இறால் வாழும் 300, 400 மீட்டர் ஆழத்தில் சூரியனின் சிவப்பு துளியும் கிடையாது. வந்து சேரும் கொஞ்ச நீலத்தையும் சிவப்பு ஓடு விழுங்கிவிடும், திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆக, அங்கே அது கறுப்பு இறால். 200 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான பாசிகள் உணவு தயாரிக்கிற அளவுக்கு வெளிச்சம் போதாது, ஆனாலும் 1000 மீட்டர் வரை தலைக்கு மேலே ஒரு மங்கல் இருந்துகொண்டே இருக்கும். அந்த நடுக்கடலில் ஒளிந்துகொள்ளப் பாறையும் இல்லை, புல்லும் இல்லை. உடம்பின் நிறத்தை விட்டால் வேறு மறைவிடம் ஏது?

அதையும் தாண்டிப் பார்க்கிற மீன் ஒன்று உண்டு, மாலகோஸ்டியஸ். கண்ணுக்கு அடியில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. அங்கே வாழும் பெரும்பாலான உயிர்களின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியாது, அதற்குத் தெரியும்.

கலங்கல்நீர்

அலைவாய்க்கரை சொன்ன வரிசை அந்தமானுக்குச் சரி. "கடைசி வரை போவது நீலம்" என்று எல்லாக் கடலுக்கும் சேர்த்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதுச்சேரியில், மழை விட்ட வாரம், 12 மீட்டரில் என் காலில் மாட்டிய துடுப்பு எனக்கே தெரியவில்லை. மேலே பார்த்தால் சூரியன் இருந்த இடத்தில் பச்சை வட்டம். சுற்றிலும் நீலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

கரையோரத்தில் ஆறு மண்ணைக் கொண்டுவருகிறது, இலைதழை அழுகிக் கரைந்த சாறு தண்ணீரில் டீ போலக் கலக்கிறது, மிதக்கும் நுண்பாசியும் பெருகுகிறது. கரைந்த சாறும் நுண்பாசியும் முதலில் பிடித்துக்கொள்வது நீலத்தை. சிவப்பைத் தண்ணீரே தின்றுவிடும். நடுவில் மிஞ்சுவது பச்சை. பாசி வளர வெளிச்சம் போதுமான மேல்பகுதியை வெளிச்ச மண்டலம் என்பார்கள். அதற்கு முயல்தீவான் சொன்ன 200 மீட்டர் என்பதும் தெளிந்த நடுக்கடலுக்கான கணக்கு. கலங்கிய கரையோரத்தில் அது சில மீட்டரிலேயே முடிந்துவிடும்.

படகு வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி அளந்தார். இன்றும் அதே முறைதான். 30 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்ட், அடியில் ஒரு எடை. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. நடுப்பகலில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தட்டு மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். அதைப் போல இரண்டரை மடங்கு ஆழத்தில் மேலே விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கடல் உங்களுக்கே புதிதாகத் தெரியும்.

பாம்பன்பேத்தி

கலங்கல்நீர் சார், தட்டு நல்லதுதான். ஆனால் பாசி எடுக்கப் போகிற பெண்கள் படகிலிருந்து குனிந்து பார்த்தே அடியில் கல் தெரிகிறதா, இன்று இறங்கலாமா என்று சொல்லிவிடுவார்கள். என் அம்மாச்சியும் அப்படித்தான். தென்மேற்குக் காற்று அடித்தால் பாம்பனுக்குத் தெற்கே தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், வடக்கே வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் நேர்மாறு. தெளிந்த பக்கம் பார்த்துத்தான் போவார்கள்.

எனக்கு மறக்காதது ஒரே ஒரு காட்சி. விரலில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி அம்மாச்சி மூழ்கினார். நான் மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டக்கோரை என்ற உயரமான பாசி வெயிலைப் பார்த்து ஆள் உயரத்துக்கு நின்றது. அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, அடியில் நிழலில் கல்லோடு ஒட்டிக் கிடந்த மரிக்கொழுந்து பாசியைப் பறித்தார். அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் அது எப்படி வளர்கிறது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு கல்லூரியில் படித்தேன். அது செம்பாசி வகை. மற்ற பாசிகள் அதிகம் தொடாத பச்சை வெளிச்சத்தைக்கூடப் பிடிக்கிற சிவப்பு நிறமி அதற்கு உண்டு. பகாமாஸ் பக்கம் 268 மீட்டர் ஆழத்தில் பாறையில் ஒட்டி வளரும் ஒரு செம்பாசியை நீர்மூழ்கியில் போய்க் கண்டுபிடித்தார்கள். அங்கே வரும் வெளிச்சம் மேற்பரப்பில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

கடற்புல்லுக்கு அந்த வசதி கிடையாது, நிறைய வெயில் வேண்டும். அதனால்தான் பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதியில் அது விரிந்து கிடக்கிறது, அதை மேயும் கடல்பசுவும் அங்கேயே இருக்கிறது. 2022இல் அங்கே கடல்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். இழுவலை சேற்றைக் கிளப்பினால் வெளிச்சம் போய்விடும், புல் சாகும். எனக்குப் பெரிய கவலையே இதுதான்.

காமிராக்கண்

நானும் அந்தமானில் சிவப்பு மீனைப் படம் எடுத்து, மேலே வந்து பார்த்தால் படம் முழுக்க நீலம். புதிதாக எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள்: லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போடுவது சுமார் 15 மீட்டர் வரை உதவும். அதற்குக் கீழே சிவப்பே இல்லை, ஃபில்டர் எங்கிருந்து எடுக்கும்? ஃபிளாஷோ வீடியோ லைட்டோ கட்டாயம். அதுவும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் போய் எடுங்கள், ஏனென்றால் லைட்டின் சிவப்பும் போய்வரும் வழியில் குறைகிறது. ஆழம் மாறும்போதெல்லாம் வெள்ளைச் சமநிலையை (காமிரா எதை வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பை) புதிதாக வைக்க வேண்டும். ரா கோப்பாகவே, அதாவது காமிரா திருத்தாத மூலக் கோப்பாகவே எடுத்துவிடுங்கள், பிறகு திருத்த இடமிருக்கும்.

வான்நீலம்

எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? வானம் நீலம், அது கடலில் தெரிகிறது. அவ்வளவுதானே.

கலங்கல்நீர்

இல்லை. மேகம் மூடிய நாளில் தெளிந்த கடலில் 20 மீட்டர் இறங்கிப் பாருங்கள், அப்போதும் நீலம்தான். 1921இல் சர் சி. வி. ராமன் லண்டனிலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலில் இதைத்தான் சோதித்தார். பிரதிபலித்த ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகம் ஒன்றை வைத்துக்கொண்டு, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். வானத்தின் பிரதிபலிப்பும் கொஞ்சம் சேரும், மறுக்கவில்லை. ஆனால் அதுவே காரணம் என்பது சரியில்லை.

மூன்றாம்ஷிப்ட்

அரபிக்கடலில் ஒரு ஆய்வுக் கப்பலில் வேலை பார்த்தபோது ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் ஆழம் காட்டும் எதிரொலிமானிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்கத் திரையில் 350 மீட்டர் ஆழத்தில் ஒரு தடித்த பட்டை. உண்மையான தரை அதற்கு வெகு கீழே, 3000 மீட்டரையும் தாண்டி. சூரியன் சாய்ந்ததும் அந்தப் பட்டை நகர்ந்தது. அதன் மேல் ஓரம் முதலில் பிரிந்தது, பிறகு முழுப் பட்டையும் சாய்வாக மேலே ஏறியது. இருட்டி முடிந்தபோது கப்பலுக்கு அடியிலேயே வந்து நின்றது. பக்கத்தில் இருந்த மூத்த அதிகாரி எழுந்து போய் டீ எடுத்துவந்தார், அவருக்குப் பழக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்கர்கள் இதைப் பார்த்துப் பொய்த்தரை என்று அழைத்தார்கள். ராத்திரி மேலே வந்து விடியலில் இறங்குகிறது, ஆகவே உயிர்கள்தான் என்று 1945இல் கடலுயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன் காட்டினார். விளக்குமீன், இறால், கணவாய் எல்லாம் கலந்த கூட்டம். உணவு மேலே வெளிச்ச மண்டலத்தில் இருக்கிறது, ஆனால் பகலில் அங்கே போனால் பெரிய மீன் பார்த்துவிடும். இருட்டில் வந்து தின்றுவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடுகின்றன. எடைக் கணக்கில் உலகின் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான், தினமும் நடக்கிறது. விளக்குமீனுக்கு வயிற்றில் வரிசையாகச் சின்ன விளக்குகள். கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு நிழல் தெரியாதபடி, மேலிருந்து வரும் மங்கலுக்குச் சமமாக அவற்றை எரிக்கும்.

முயல்தீவான்

மூன்றாம்ஷிப்ட் அண்ணா, ஒரு சந்தேகம். நிலவு நாளில் பாடு (வலையில் கிடைக்கும் மீன்) குறைவு, இருட்டு நாளில்தான் நல்ல பாடு என்று அப்பா சொல்வார். அந்தப் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மூன்றாம்ஷிப்ட்

தம்பி, உங்கள் அப்பா எந்த மீனைப் பிடித்தார் என்பதைப் பொறுத்தது, எல்லா மீனுக்கும் ஒரே பதில் கிடையாது. பட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழுநிலவு இரவில் அது அமாவாசை அளவுக்கு மேலே வருவதில்லை, கொஞ்சம் ஆழத்திலேயே தங்கிவிடும். சூரிய கிரகணத்தின்போது பட்டப்பகலில் மேலே ஏறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதே காரணத்தால்தான் படகில் பெரிய எல்இடி விளக்குப் போட்டுப் பிடிப்பதை 2017இல் மத்திய அரசு தடை செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. இரவும் பகலும் பார்த்து ஏறி இறங்குகிற உயிர்களுக்கு நடுவே அவ்வளவு வெளிச்சத்தை இறக்கினால் குஞ்சும் குளுவானும் சேர்ந்து வலைக்குள் வந்துவிடும். அப்பா கணவாய்க்குப் போவாரா? அவர் நிலவு நாள் கணக்கை எப்படி வைத்திருந்தார் என்று கேட்டு எழுதுங்கள்.