மேலாளர் கத்தும்போது என்ன செய்தீர்கள்? என் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பல் ஏறும்வரை கவனிப்பவளாக, இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடம் ஒரே ஜி.எம். (பொது மேலாளர்) கீழே. தொழில் தெரிந்த மனிதர். துணியைத் தொட்டுப் பார்த்தே ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லிவிடுவார். ஆனால் கோபம் வந்தால் இடம் பார்க்க மாட்டார். கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பும் தரம் பார்ப்பவர் (க்யூ.சி.) என யார் நின்றாலும் கத்துவார்.

ஒரு நேவி ப்ளூ ஆர்டர். டையிங்கில் சாயமேறி வந்த துணியை, வெளிச்சத்தை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சமான டி65ல், பையர் அப்ரூவல் கொடுத்த சாய மாதிரித் துண்டான லேப் டிப்போடு சரியாக இருந்தது. கடை வெளிச்சமான டி.எல்.84க்கு மாற்றினேன், லேசாகச் சிவப்புத் தட்டியது. பையர் இரண்டிலும் பார்ப்பார். திரும்ப டையிங்குக்கு அனுப்பினால் மூன்று நாள் போய்விடும். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு சேர எட்டு நாள்தான் இருந்தது.

காலையில் பார்த்ததைச் சாயங்காலம்தான் அவரிடம் சொன்னேன். டையிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினேன், இன்னொரு ரோலை வெட்டிப் பார்த்தேன். ஏதாவது வழி பிறக்காதா என்று தள்ளிக்கொண்டே போனேன்.

"காலைல பார்த்ததை இப்ப வந்து சொல்ற. உனக்குச் சம்பளம் எதுக்கும்மா?" என்று கையிலிருந்த துணித் துண்டை மேஜைமேல் வீசினார். அது வழுக்கி என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். பின்னால் பேக்கிங் ஆட்கள் நின்றிருந்தார்கள். திட்டியது மறந்துபோனது. குனிந்தது மட்டும் ரொம்ப நாள் மனதில் கிடந்தது.

அன்று ராத்திரி என் அக்கா கேட்டாள்: "உனக்கு இப்ப என்ன இருக்கு? கோபமா, பயமா, அவமானமா?" அதுவரை எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்ற ஒரே வார்த்தைதான் என்னிடம் இருந்தது. அக்கா உளவியல் படித்தவள். பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990ல் உணர்வு நுண்ணறிவை வரையறுத்தபோது, தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கவனித்து, இது இன்னது என்று பிரித்து அறிந்து, அதை வைத்து நடந்துகொள்வதைத்தான் சொன்னார்கள் என்றாள். உட்கார்ந்து யோசித்தேன். மேலே இருந்தது அவமானம். அடியில் பயம். காலையிலிருந்து சாயங்காலம்வரை என் வாயைக் கட்டியது அந்தப் பயம்தான்.

அப்புறம் சில வாரம் அவரைக் கவனித்தேன். தப்பு நடந்ததற்காக அவர் அவ்வளவு கத்துவதில்லை. சரிசெய்ய நேரம் இல்லாதபோது காதில் விழுந்தால்தான் வெடிப்பார். கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்பும் ஏர் ஃப்ரெய்ட். அந்தச் செலவில் ஆர்டருடைய லாபமே போய்விடும், முதலாளி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கும் பயம்தான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு கெட்ட செய்தியை அரை மணி நேரத்துக்குமேல் கையில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். போகும்போது இரண்டு வழியை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவேன்.

ஒரு சனிக்கிழமை, சம்பளப் பட்டுவாடா முடிந்து தளம் காலியான பிறகு அவர் அறைக்குப் போனேன். "தப்புன்னா திட்டுங்க சார், கேட்டுக்கறேன். லைன்ல இருக்கறவங்க முன்னால மட்டும் வேண்டாங்க சார். நாளைக்கு நான் சொன்னா அவங்க எப்படிக் கேப்பாங்க?" அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சரி, போம்மா." மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து தளத்தில் குரலை உயர்த்தியவர், பாதியில் நிறுத்தி "ரூமுக்கு வா" என்றார். பழையபடி கத்திய நாட்களும் உண்டு. குறைந்தன, நிற்கவில்லை.

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்:

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், ஷிப்ட் மாறும் ஹேண்ட்ஓவர் நேரத்தில் நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே திட்டுவார். ஒருநாள் அவர் போனதும் ஒரு குழந்தையின் அம்மா, "ஊசி போட வேற யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டார். சிஸ்டரிடம் தனியாகப் போய் அதை அப்படியே சொன்னேன். என் வருத்தத்தைச் சொல்லவே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. நோயாளி பயப்படுவதை அவரால் தாங்க முடியாது, அது எனக்குத் தெரியும். அந்த மாதம் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதால் அவரே இரட்டை டியூட்டி பார்த்துக்கொண்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது. இப்போது பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, எமர்ஜென்சி டிராலியை இரண்டு பேருமாகச் சரிபார்க்கிறோம்.

சென்னையிலிருந்து, மென்பொருள் துறை:

எனக்கு இது பலிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் என் மேலாளரைப் புரிந்துகொண்டே இருந்தேன். கிளையன்ட் நெருக்குகிறார், வீட்டில் ஏதோ பிரச்சினை, தூக்கம் இல்லை என்று அவருக்காக நானே காரணம் தேடினேன். தனியாக மூன்று முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் டீமோடு பேசும் அடுத்த மீட்டிங்கில் அதையே சொல்லிக் கிண்டல் செய்தார். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் அழைப்பு வந்தபோது என் கை நடுங்கியதை மனைவி பார்த்துவிட்டாள். "அவர் மனசைப் பத்தியே பேசறீங்க, உங்க கை நடுங்குதுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எச்.ஆரிடம் எழுத்தில் கொடுத்தேன். வேறு பிராஜெக்ட்டுக்கு மாற மூன்று மாதம் ஆனது. இன்னொன்று, பெண்களுக்குச் சொல்வது. பாலியல் சீண்டல் என்றால் புரிந்துகொண்டு சமாளிக்கும் விஷயமே அல்ல அது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

திருப்பூர், மீண்டும் நான்:

சென்னை அண்ணா சொல்வது சரி. என் ஜி.எம். காது கொடுத்தார், அதனால் என் வழி நடந்தது. சொன்னதையே ஆயுதமாக்குகிறவரிடம் அதே வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்ல மாட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்த ஜி.எம். இங்கிருந்து போய் ஒரு வருடம் ஆகிறது. எனக்குக் கீழே இப்போது இரண்டு பேர். போன வாரம் மத்தியானமே சைஸ் லேபிள் மாறி நானூறு பீஸ் தைத்துவிட்டார்கள். அதில் சின்னவள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சொன்னாள். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "மத்தியானமே ஏன்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டுவீங்கன்னுதாங்க்கா" என்றாள்.