ஓவர் ரெவ் என்று சொல்லி வாரண்டியை மறுத்தார்கள்: என் அனுபவம், உங்களுடையதும் சொல்லுங்கள்

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார். வாரண்டி இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் வாங்கினேன். ஒரு நாள் காலையில் எஞ்சினின் அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமெடுத்தது. உடனே அணைத்து, டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் மையத்துக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "சார், ஓவர் ரெவ் ஆகியிருக்கு. ஓட்டினவங்க தப்பு, வாரண்டி வராது." அதாவது, எஞ்சினை அதன் சுழற்சி எல்லைக்கு மேல் சுழலவிட்டேனாம். எஞ்சினைத் திறக்கவே இல்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் பதிவாகியிருந்த ஒரே ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு.

ரெவ் லிமிட்டர் இருக்கும்போது அது எப்படி எல்லை தாண்டும் என்று கேட்டேன். அவர்கள் சொன்ன விளக்கம் சரிதான். ஆக்சிலரேட்டரை அழுத்தி எல்லைக்குப் போனால் லிமிட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். ஆனால் நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கை தவறி மூன்றில் போட்டு கிளட்சை விட்டால், எஞ்சினைச் சுழற்றுவது சக்கரம். அப்போது எரிபொருளை நிறுத்தி என்ன பயன்? சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு, அதை மூடும் ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் மூடத் தாமதமாகும். மேலே வரும் பிஸ்டன் அதில் இடிக்கும்.

சரி, அந்த அறிக்கையை அச்செடுத்துக் கொடுங்கள் என்றேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார்கள். ஓவர் ரெவ் நடந்தது எஞ்சின் ஓடிய 212-ஆவது மணி நேரத்தில். சத்தம் வந்தபோது 640. வாங்கும் முன் எடுத்த பரிசோதனை அறிக்கையைத் தேடிப் பார்த்தேன்; அதில் 530 மணி நேரம். அதே ஓவர் ரெவ் வரியும் அங்கே இருக்கிறது! படிக்காதது என் தப்பு.

பழைய ஓனர் செய்ததாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு 428 மணி நேரம் நன்றாக ஓடிய எஞ்சின் அது. வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு திறக்கச் சொன்னேன். வால்வுகள் எல்லாம் நேராக இருந்தன. போயிருந்தது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். "அன்னைக்கு அடிபட்டது இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். அது நடக்கவே நடக்காது என்று நானும் சொல்ல மாட்டேன். இழுபறியில் பாகங்கள் அவர்கள் செலவு, கூலி என் செலவு என்று முடிந்தது.

—

என் கதை நேர் எதிர். பந்தயத் தடத்தில் ஐந்துக்குப் பதில் மூன்று விழுந்தது. பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு கத்தியது, அப்புறம் புகை. வாரண்டி இருந்தும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? வீட்டில் மட்டும் "எஞ்சினில் ஏதோ பிரச்சினை" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

—

முதல் பதிவருக்கு: ராட் பக்கம் கோளாறு என்றாலே ஓட்டியவர் தலையில்தான் விழும் என்றில்லை. 2014-இல் போர்ஷே 911 ஜிடி3 கார்கள் சில தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து, ராட் கழன்று எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸை உடைத்து, கசிந்த ஆயில் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு மாடலின் 785 கார்களுக்கும் நிறுவனமே எஞ்சின் மாற்றிக் கொடுத்தது. எரிந்தது ஒரே ஒரு கார் இல்லை என்பதால் ஓட்டியவர் தப்பு என்று அங்கே முடித்துவிட முடியவில்லை. உங்களுக்கும் எனக்கும் இருப்பது ஒரே ஒரு கார், அதுதான் சிக்கல்.

என் வழக்கு இரண்டுக்கும் நடுவில். தடத்தின் நீண்ட வளைவில் ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிட்டது. ஆயில் அளவு குறைவாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளம்பரத்தில் அந்தக் காரைத் தடத்தில் பறக்கவிட்டுக் காட்டியது அவர்கள்தானே? வாரண்டிப் புத்தகத்தில் "தடப் பயன்பாடு சேராது" என்பது மட்டும் பொடி எழுத்தில். எனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பழைய பாகங்களைக் கேட்டு வாங்கினீர்களா?

—

வாங்கினேன். ஆறு ராடின் பேரிங்குகளும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஒன்று மட்டும் செம்பு தெரியத் தேய்ந்திருக்கிறது, மற்ற ஐந்தும் புதிது போல. ஓவர் ரெவ் ஒரு சிலிண்டரை மட்டும் தேடிப் பிடித்து அடிக்குமா என்று படத்தோடு கேட்டு எழுதினேன். மற்ற எல்லாக் கடிதத்துக்கும் மறுநாளே பதில் போட்டவர்கள், இதற்கு மட்டும் இன்னும் போடவில்லை.